ஒரே குடையில் விழுந்தவை

சிலந்தியைப் பற்றிக் கட்டுரை கொடுக்க வருகிறவர்கள் கூடவே தங்கள் துணையையும் அழைத்துவந்து காட்ட வேண்டும் என்பது விதி. மனைவி இருப்பவர்கள் மனைவியை, கணவன் இருப்பவர்கள் கணவனை. யாரும் இல்லாதவர்கள், இல்லை என்று தாசில்தாரிடம் எழுதி வாங்கிவர வேண்டும். ஆவுடையப்பனுக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மனைவி உலகம்மையுடன் சிலந்திப் பெயர்ப் பதிவகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் கையில் நாற்பத்து மூன்று பக்கக் கட்டுரையும் ஒரு சின்ன பாட்டிலும் இருந்தன. அவள் கையில் டிபன் கேரியர் இருந்தது.

விஷயம் இதுதான். நூற்றுப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் களக்காட்டு மலையில் ஒரு மரக்கிளைக்கு அடியில் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு, கிளையைத் தடியால் தட்டினார். சிலந்தி பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். குடைக்குள் தாவும் சிலந்திகள் இரண்டு விழுந்தன. ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு ஸ்பிரிட் ஊற்றினார். ஒரே குடையில் விழுந்ததால் சோடிதான் என்று முடிவுகட்டி, அவற்றுக்கென்று ஒரு புதுப் பேரினத்தையே உண்டாக்கி, நாலு வரி எழுதிவிட்டு, மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அந்தச் சிலந்தியைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நாலு வரி போதாது என்று பதிவகம் நோட்டீஸ் விட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது ஒழுங்காக மறுபடி விவரித்து எழுதித் தராவிட்டால் பேரினத்தின் பெயரை அடித்துவிடுவார்கள். பெயரை அடித்தால் அப்புறம் அது காட்டிலும் இருக்காது. போன வருடம் ஒரு தவளையின் பெயரை அடித்தார்கள். மறுநாள் அது உட்கார்ந்திருந்த கல் மட்டும் ஈரமாக இருந்தது.

ஆவுடையப்பன் ஒன்பது வருடம் பாட்டிலில் கிடந்த அந்த இரண்டு சிலந்திகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கடைசியில் அவை சோடியே இல்லை என்று கண்டுபிடித்தார். ஒப்பிட்டுப் பார்க்கப் பதினோரு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார். அதில் ஏழு வேறுபட்டாலே இரண்டும் வேறு வேறு பேரினம் என்று விதி வகுத்தார். இந்தச் சிலந்திகள் எட்டில் வேறுபட்டன. அந்தப் பக்கத்தை எழுதி முடித்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்களைக்கே போய் உலகம்மையிடம் சொன்னார்.

“அப்ப அந்தப் பூச்சிக ரெண்டும் நூறு வருசமா ஒண்ணாத்தான கிடந்துச்சு?” என்றாள் அவள்.

“பூச்சி இல்ல, சிலந்தி. ஒரே பாட்டில்ல கிடந்துச்சு, அவ்வளவுதான்.”

உலகம்மை சோற்றை வடித்தாள்.

பதிவகத்தின் நடைபாதையில் நடக்கக் கூடாது. நடந்தால் அது நீண்டுகொண்டே போகும். குதித்துத்தான் போக வேண்டும். விவரம் தெரியாமல் நடக்க ஆரம்பித்தவர்கள் சிலர் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் இருந்த மனுவில் தேதி பதினேழு வருடம் பழையது. ஆவுடையப்பன் மூச்சிரைக்கக் குதித்தார். உலகம்மை சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிபன் கேரியர் அலுங்காமல், மூன்றே குதியில் மேலாய்வாளர் அறைக்குப் போய்விட்டாள்.

மேலாய்வாளர் திரேசம்மாள் மேசைக்குப் பின்னால் கழுத்தளவு கண்ணாடித் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் ஸ்பிரிட் இருந்தது. பணி ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருப்பதால் கெட்டுப்போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. பக்கத்தில் ஒரு குமாஸ்தா பென்சிலோடு இருந்தார்.

திரேசம்மாள் நாற்பத்து மூன்று பக்கங்களையும் படித்தார். படித்த பக்கங்கள் ஈரமாயின.

“சரியா இருக்கு,” என்றார். “பேரினம் தப்பிச்சிட்டு.”

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. களக்காட்டில் ஏதோ ஒரு இலைக்கு மேலே அது இந்த நிமிடம் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தார்.

“இப்ப உங்களப் பாப்போம்,” என்றார் திரேசம்மாள். “இவங்கள எங்க எடுத்தீங்க?”

“எடுத்ததுன்னா?”

“எங்க கிடைச்சாங்க?”

“அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுல. மழை. ரெண்டு பேரும் ஒரு குடைக்குள்ள நின்னோம்.”

“யார் குடை?”

“தெரியாது.”

“முன்னாலயே பழக்கமா?”

“இல்ல. மழைதான்.”

“சோடின்னு முடிவு பண்ணது யாரு?”

“எங்க பெரியப்பா. பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்துட்டாங்க.”

“பெரியப்பா,” என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

திரேசம்மாள் கட்டுரையின் பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பினார். ஆவுடையப்பனுடைய பட்டியல் அங்கேதான் இருந்தது. அளவுகோலை எடுத்து இருவரையும் அளந்தார். அளக்க முடியாததைக் கேள்வியாகக் கேட்டார். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், அவள் எந்தப் பக்கம். யாருக்கு இடி பயம். பேப்பரை யார் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது. ஆவுடையப்பனுக்குத் தன் பதில் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து உலகம்மையே பதில் சொன்னாள்.

“பதினொண்ணுல ஒம்பது வேற,” என்றார் திரேசம்மாள். “ஏழு போதும்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

“அது சிலந்திக்கு.”

“சிலந்திக்கு மட்டும்னு எங்க இருக்கு?”

ஆவுடையப்பன் பதினெட்டாம் பக்கத்தை மேலும் கீழும் தேடினார். எங்கேயும் இல்லை.

“ஒரு வழி இருக்கு,” என்றார் திரேசம்மாள். “கட்டுரையாளர் பாக்காம, முழுசா, பெண்ண விவரிச்சுட்டார்னா சோடின்னு ஏத்துக்கிடலாம். சிலந்திக்கு நாப்பத்து மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. இவங்களுக்கு ரெண்டு பக்கம் போதும்.”

ஆவுடையப்பனுக்குப் போன உயிர் வந்தது. ரெண்டு பக்கம் என்ன, இருபது பக்கம் சொல்லிவிடலாம். உலகம்மையை ஒரு துணித் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியதும் சிலந்தியின் முகம் வந்தது. முன்வரிசையில் நாலு கண்கள், நடு இரண்டும் பெரியவை, கண்ணுக்கு அடியில் வெள்ளை மயிர் இருபத்திரண்டு. அதைத் தள்ளிவிட்டு உலகம்மையைத் தேடினார்.

“நடுத்தர உயரம்,” என்றார். “மாநிறம்.”

குமாஸ்தா எழுதினார்.

“பழுப்புச் சேலை.”

“பச்சை,” என்றாள் உலகம்மை திரைக்குப் பின்னாலிருந்து.

“நல்லா சமைப்பா.”

“அது நடத்தை. உருவத்தச் சொல்லுங்க,” என்றார் திரேசம்மாள்.

ஆவுடையப்பன் மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசித்தார். மூக்குத்தி உண்டா என்று யோசித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. இருபத்தாறு வருடமாக அந்த முகம் தினமும் காலையில் காபியோடு எதிரே வந்தது. வந்ததைப் பார்த்தோமா என்றுதான் ஞாபகம் இல்லை.

“ரெண்டரை வரி,” என்றார் குமாஸ்தா.

அப்போது உலகம்மை திரைக்குப் பின்னாலிருந்து பேச ஆரம்பித்தாள்.

“இவங்களுக்கு இடதுகால் சுண்டுவிரல் நகம் ரெண்டாப் பிளந்திருக்கும். தும்முனா மூணு தும்மல். நாலாவது வரும்னு வாயத் தொறந்துட்டே நிப்பாங்க, வராது. கோவம் வந்தா பேச மாட்டாங்க, கண்ணாடியக் கழத்தித் துடைப்பாங்க. பின்கழுத்துல ஒரு மரு இருக்கு, அது இருக்கது இவங்களுக்கே தெரியாது. எங்கம்மா செத்தன்னைக்கு அடுக்களைக்கு வந்து எங்கூட நின்னாங்க. என்ன செய்யணும்னு தெரியல. ஒரு கூடை வெங்காயத்தையும் உரிச்சு வச்சிட்டுப் போனாங்க. அதுல பாதி அழுகுன வெங்காயம்.”

அவள் நிறுத்தவில்லை. பத்தரை மணியிலிருந்து இரண்டு மணி வரை சொன்னாள். தாள் தீர்ந்ததும் குமாஸ்தா சுவரில் எழுதினார். சுவரும் தீர்ந்ததும் தன் சட்டையில் எழுதினார். ஆவுடையப்பன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார். மரு இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் திரேசம்மாள். “இவ்வளவு நல்ல விவரணை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல. ஆனா செல்லாது. கட்டுரையாளர்தான் விவரிக்கணும். மாதிரியாக் கொண்டுவந்த ஆளு விவரிக்கக் கூடாது.”

குமாஸ்தா சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கினார்.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

“என் கட்டுரையத் திருப்பிக் குடுங்க.”

“குடுக்கலாம். சிலந்தி போயிரும்.”

“போகட்டும்.”

ஒன்பது வருடத்தை ஒரே வார்த்தையில் விட்டது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. திரேசம்மாள் இரக்கத்தோடுதான் பார்த்தார். தொட்டிக்குள் கையை அசைத்ததில் கொஞ்சம் ஸ்பிரிட் தளும்பியது.

“அப்பவும் இவங்க வேறதான். கண்டுபிடிச்சத எப்பிடித் திருப்பி வாங்குவீங்க?”

உலகம்மை திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். மேசையிலிருந்த பதினெட்டாம் பக்கத்தை எடுத்து, நிதானமாக முழுதும் படித்தாள். அவர் எழுதியதை அவள் படித்தது அதுதான் முதல் தடவை. படிக்கச் சொல்லி அவரும் கொடுத்ததில்லை.

“சரியாத்தான எழுதியிருக்கீய,” என்றாள். “ஒரு குத்தமும் இல்ல.”

“ஏளா, நான் உன்னைய நெனச்சு எழுதல.”

“அது தெரியும்லா.”

அவள் டிபன் கேரியரைப் பிரித்தாள். மேலடுக்கை அவரிடம் கொடுத்தாள். கீழடுக்கைத் தான் வைத்துக்கொண்டாள். பிடி எந்த அடுக்கோடு சேர வேண்டும் என்று இருவருக்கும் தெரியாததால் அதைக் குமாஸ்தாவிடம் கொடுத்தாள். குமாஸ்தா ஒரு சின்ன துண்டுச்சீட்டில் பென்சிலால் எதையோ எழுதி, நூலில் கோத்து, அவள் மணிக்கட்டில் கட்டினார்.

“எங்க அனுப்புறீங்க?” என்றார் ஆவுடையப்பன்.

“பக்கத்துப் பேரினம். அங்க ஆண் கிடையாது. நிம்மதியா இருக்கலாம்,” என்றார் திரேசம்மாள்.

“நகத்தப் பாத்து வெட்டுங்க,” என்று சொல்லிவிட்டு உலகம்மை வாசலைத் தாண்டிக் குதித்தாள்.

ஆவுடையப்பன் பின்னாலேயே போனார். அவசரத்தில் நடந்துவிட்டார். நடைபாதை நீண்டது. அதில் நிறையப் பெண்கள் குதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நடுத்தர உயரம். எல்லாரும் மாநிறம். எல்லார் மணிக்கட்டிலும் சீட்டு இருந்தது. பச்சைச் சேலைகளை எண்ணினார். நாற்பதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டார்.

“உலகம்மை!” என்று கத்தினார்.

ஒருத்தியும் திரும்பவில்லை. பேரினம் மாறினால் பெயரும் மாறும். அவருக்குத் தெரியாததா? அவரே எத்தனை பெயரை மாற்றியிருக்கிறார்.

நடைபாதையின் நடுவில் ஒரு விசாரணை ஜன்னல் இருந்தது. முன்னால் பெரிய வரிசை. எல்லாரும் ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாதிப் பாத்திரமோ, ஒற்றைச் செருப்போ, ஒரு தலையணையோ இருந்தது. ஆவுடையப்பன் மேலடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முறை வரும்போது மணி நாலேமுக்கால்.

“என் மனைவி. இப்ப என்ன பேருன்னு தெரியணும்,” என்றார்.

ஜன்னலுக்குள் இருந்தவர் ஒரு புதுத் தாளை எடுத்து வைத்தார்.

“அடையாளம் சொல்லுங்க.”

“இடதுகால் சுண்டுவிரல் நகம் ரெண்டாப் பிளந்திருக்கும்,” என்று ஆரம்பித்த ஆவுடையப்பன் நிறுத்திக்கொண்டார். அது அவருடைய நகம்.

“எழுதவா?”

“வேண்டாம்.”

“அப்ப வேற?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஆளுக்கு ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.