யமதோரிக்கு ஒரு வெயில்காரி

“அப்ப நான் மட்டும் சனிக்கிழமை ரயில்ல தனியா வரணும். அதானே?” என்றேன்.

“தனியான்னு ஏன் சொல்ற? டிக்கெட் பாக்கிறவர் இருப்பாரு,” என்றான் இஸ்ஸே. நாலாவது ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தான். தோலை வழக்கம்போல என் பக்கம் தள்ளினான்.

ரியோஹேய் அண்ணாவின் அறையில் அவர், இஸ்ஸே, என் தோழி மாயு, நான் என்று நாலு பேரும் கொதாத்சு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு அடியில் ஹீட்டர், மேலே மெத்தை, மெத்தைக்குள் எட்டுக் கால்கள். யாருக்கும் எழுந்துபோக மனசு வராது. எங்கள் சண்டைகள் எல்லாம் இங்கேதான் நடக்கும், யாரும் கோபித்துக்கொண்டு வெளியே போக முடியாது என்பதால்.

அடுத்த வெள்ளிக்கிழமை நகோயாவிலிருந்து யமதோரி கிராமத்துக்கு ஸ்கீ போகிறோம், பனிச்சறுக்கு. நாகானோ மலையில், காரில் நாலு மணி நேரம். ரெண்டு ராத்திரி தங்கல். ஏற்பாடு முழுக்க நான்தான். ரூம் போடுவது, யார் எந்த சீட், யார் என்ன தீனி கொண்டுவருவது, எல்லாவற்றையும் எட்டுப் பக்கத்தில் அச்சடித்து பின் அடித்து ஆளுக்கொன்று கொடுப்பது வரை. கல்லூரி முதல் வருஷத்திலிருந்து நான் போடும் பயணப் புத்தகம் இல்லாமல் இந்தக் கூட்டம் ஒரு பூங்காவுக்குக்கூடப் போனதில்லை. அப்படிப்பட்ட என்னையே ரெண்டாம் நாள் வா என்கிறார்கள்.

காரணம், விடுதிக்கார யோனெஸாவா அம்மா கேட்ட ஒரே ஒரு கேள்வி.

அரை மணி நேரம் முன்னால் பனி எப்படி என்று கேட்க ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவருக்குப் போன் செய்தேன். “எங்கம்மா விழுது? தோட்டத்துல முள்ளங்கி தலை இன்னும் வெளிய தெரியுது. சரிவு திறப்பு விழாவ ரெண்டு தடவை தள்ளி வெச்சாச்சு,” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “உங்க கூட்டத்துல வெயில்காரங்க யாரும் இல்லையே? போன வாரம் ஒரு குடும்பம் வந்துச்சு, இருந்த பனியையும் கரைச்சிட்டுப் போயிட்டாங்க,” என்றார்.

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின.

நான் வெயில்காரி. அதை நானே மறுத்ததில்லை. நான் போகிற இடத்தில் மேகம் நிற்காது. வானவேடிக்கை பார்க்கப் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். மாயுவின் அக்கா கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது, ஆனாலும் எனக்கு அழைப்பு வந்தது. போட்டோ வெளியில் எடுக்கிறார்கள் என்பதால். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஸ்கீக்கு மட்டும் நான் ஆகாதவள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி தகாயாமா ஞாபகம் இருக்கா?” என்றான் இஸ்ஸே. “சரிவுல புல்லு. நான் விழுந்து எழுந்தா முழங்கால்ல சேறு. ஊர்ல எல்லாரும் ஸ்கீ போனியா வயலுக்குப் போனியான்னு கேட்டாங்க.”

“போன வருஷம் பதினாலு டிகிரி,” என்றார் ரியோஹேய் அண்ணா. எங்களைவிட ஒரு வருஷம் மூத்தவர், இப்போது முதுகலை படிக்கிறார், ஸ்கீயில் உண்மையிலேயே கெட்டிக்காரர், காரும் அவருடையது. அதில் பனி டயர் மாட்டியிருப்பதை வாரம் ஒரு முறை சொல்லிவிடுவார். “தப்பா எடுத்துக்காத, ஹொனோகா. வெள்ளிக்கிழமை ராத்திரி கொஞ்சம் விழட்டும். அப்புறம் நீ வந்து வெயில் அடிச்சாலும் பரவால்ல. இல்லையா மாயு?”

மாயு என்னைப் பார்க்காமல் மெத்தை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

“ஏப்ரல்ல நான் வேலைக்கு ஃபுகுவோகா போயிடறேன்டி. அங்க பனி விழுந்தா டிவியில காட்டுவாங்க. எனக்கு முட்டி வரைக்கும் பனியில ஒரு தடவை நிக்கணும். நீ சனிக்கிழமை மத்தியானம் வந்துடு. ஒரு நாள்தானே.”

அந்த ஒரு நாள்தான் எனக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை காரில் பாட்டு, நடுவழியில் நிறுத்திச் சாப்பிடும் சூடான நூடுல்ஸ், யோனெஸாவா அம்மாவின் முதல் ராத்திரி காளான் போட்டுக் கொதிக்கும் ஹாட்பாட் சட்டி, மாயுவும் நானும் வெந்நீர்க் குளத்தில் உட்கார்ந்து முகம் சிவக்கச் சிவக்கப் பேசுவது. மாயு வேலைக்குப் போன பிறகு நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பும் பயணம் இனி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூணுக்கு ஒன்று என்று முடிவானது. நானும் சரி என்றேன். வேறென்ன செய்வது, முட்டி வரை பனி வேண்டும் என்கிறவளிடம் வாதாட முடியுமா?

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தேன். பழைய புத்தகங்களின் அட்டையைப் பார்த்து அதே மாதிரி வரையலாம் என்று டிராயரைத் திறந்தேன். ஏழு புத்தகங்கள். ஒவ்வொன்றின் ரெண்டாம் பக்கத்தில் வந்தவர்கள் பெயர், கடைசிப் பக்கத்தில் வானிலையும் அடுத்த முறை செய்ய வேண்டியதும். எழுதினவள் நான்தான்.

இஸே ஊர்க் கோயில்: மழை என்றார்கள், வெயில். வானவேடிக்கை: வெயில். தகாயாமா: வெயில், புல். போன வருஷ ஸ்கீ: வெயில், பதினாலு டிகிரி. கடற்கரை: வெயில், இஸ்ஸேவின் முதுகு உரிந்தது.

ஆறாவது பிவா ஏரி. ‘கூடாரம் மிதந்தது. அடுத்த முறை மேட்டில் போடவும்.’

ஏழாவது, இஸ்ஸேவின் பிறந்த நாளுக்குப் போன சின்ன மலையேற்றம். ‘ஆலங்கட்டி. கேக் மேல் விழுந்தது.’

நான் ரெண்டுக்கும் போயிருந்தேன். கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றவளே நான்தான். ஏரிக்குப் போனது மழைக்காலம், அதனால் மழை என்று யாரும் யோசிக்கவே இல்லை. ரெண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். பிவா ஏரி: மாயு, இஸ்ஸே, நான். மலையேற்றம்: மாயு, இஸ்ஸே, நான். முதலாவதில் ரியோஹேய் அண்ணாவுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். ரெண்டாவதில் அவருக்குப் பரீட்சை.

மற்ற ஐந்து புத்தகங்களிலும் முதல் பெயர் அவருடையது.

மறுநாள் மதியம் கல்லூரி கேன்டீனில் அவர் கட்லெட் கறி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழு புத்தகங்களையும் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். பிவா ஏரியை மட்டும் திறந்து, வந்தவர்கள் பெயரில் விரலை வைத்தேன்.

ஸ்பூன் பாதியில் நின்றது. அக்கம்பக்கம் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றார், மெதுவாக.

“எது தெரியும்?”

“வெயில்காரன் நான்தான்னு. எட்டாங்கிளாஸ்லேர்ந்தே தெரியும். விளையாட்டு விழா அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. எனக்குக் காய்ச்சல், வீட்ல படுத்திருந்தேன். ஹெட்மாஸ்டர் எங்கம்மாவுக்குப் போன் போட்டு, ஓடவேணாம், மைதானத்துல ஒரு நாற்காலியில உக்காந்தா மட்டும் போதும்னு சொன்னாரு. போர்வையோட உக்கார வெச்சாங்க. பத்து நிமிஷத்துல வெயில்.”

“இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டா நேத்து என்னைத் தள்ளிவிட்டீங்க? நல்ல அண்ணன்.”

“நீயே வெயில்காரின்னு ஒத்துக்கிட்டுச் சுத்துற. உன்னைக் கல்யாணத்துக்கெல்லாம் கூப்பிடுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் அது கொஞ்சம் ஆறிப்போனது.

“பத்து வருஷமா ஸ்கீ போறேன், ஹொனோகா. தரையில கிடக்கிற பனிதான் பாத்திருக்கேன். மேலேர்ந்து விழுற பனிய ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. நீயும் இல்லாம இருந்தா ஒருவேளை விழுமோன்னு... சும்மா ஒரு நப்பாசை. உண்மையச் சொன்னா இவங்க என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க.”

“கார் இல்லாம எப்படிப் போவாங்க? நீங்கதான டிரைவர்.”

“அதனாலதான் வெயில்காரன் நீதானான்னு இன்னும் யாரும் என்னைக் கேக்கல,” என்றார்.

சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு துண்டு கட்லெட்டை என் பக்கம் நகர்த்தினார். லஞ்சம் என்று தெரிந்தே சாப்பிட்டேன்.

“சரி, நானே வெள்ளிக்கிழமை வரலைன்னு சொல்லிடறேன், சனிக்கிழமை ரயில்ல வந்துடறேன். வண்டிய இஸ்ஸே ஓட்டட்டும். மாயு முட்டி வரைக்கும் நின்னுட்டு வரட்டும்,” என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பேச்சை மாற்றத்தான் நான் போனை எடுத்து யமதோரி வானிலையைத் திறந்தேன். காலையில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மஞ்சள் சூரியன்தான் இருந்தது. இப்போது வெள்ளிக்கிழமைக்குக் கீழே ஒரு குட்டிப் பனிமனிதன் நின்றுகொண்டிருந்தான்.

போனை அவர் பக்கம் திருப்பினேன்.

“இப்பத்தான் மாறியிருக்கு,” என்றார்.

“சும்மா ஒரு பேச்சுக்கு, வெள்ளிக்கிழமையே வருவேன்னு சொல்லுங்க, பாப்போம்.”

“மாட்டேன். பயமா இருக்கு.”

அந்த நேரம் பார்த்து யோனெஸாவா அம்மாவிடமிருந்து போன். பனி வரப்போகிறதாம், ஊரே கூரை ஓரத்தில் வெயில் பொம்மைகளைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறதாம். வெள்ளைத் துணித் தலை கீழே, பாவாடை மேலே. சின்ன வயசில் பிக்னிக்குக்கு முன்னால் வெயில் வேண்டி நேராகக் கட்டுவோமே, அதற்கு நேர் எதிர். “எத்தனை பேரும்மா கடைசியா? வெள்ளிக்கிழமை மூணா, நாலா? காளான் அளந்து போடணும்,” என்றார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்றேம்மா,” என்றேன். “அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? வெயில்காரங்க வந்தா உங்களுக்கு நிஜமாவே கஷ்டமா?”

“கஷ்டம்தான். ஆனா விழுந்து முடிஞ்ச மறுநாள் வெயில் அடிக்கணும்னும்தான் வேண்டிக்குவோம். இல்லைன்னா சரிவுல மூக்கு நுனி தெரியாது. முன்ன வர்றதா பின்ன வர்றதாங்கறதுதான் விஷயம். யாரு உங்க கூட்டத்துல?”

ரியோஹேய் அண்ணா ரெண்டு கையையும் கூப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டு ஓரத்தில் கறி.

“இன்னும் முடிவாகலம்மா,” என்று வைத்துவிட்டேன்.

இப்போது மணி நாலு பத்து. கல்லூரிக் கூட்டுறவுக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்கிறேன். நாளையிலிருந்து பரீட்சை, இந்த மெஷினை நெருங்க முடியாது, ஐந்து மணிக்குக் கடை சாத்துவார்கள். ஏழு பக்கம் முடிந்தது. எட்டாவது, பொறுப்புகள் பக்கம். பாட்டு, இஸ்ஸே. தீனி, மாயு. வண்டி, பெயர் இல்லாமல் வெறும் கோடு. அதற்குக் கீழே ‘வெயில்காரர், சனிக்கிழமை ரயிலில்’, அங்கேயும் ஒரு கோடு.

அவர் பெயரைப் போட்டால் நான் வெள்ளிக்கிழமை காரில், மாயுவுக்குப் பக்கத்தில். முட்டி வரை பனி, ஹாட்பாட், வெந்நீர்க் குளம் எல்லாம். ஆனால் அந்த மலைப்பாதையில் எங்களை ஓட்டிக்கொண்டு போவது இஸ்ஸே, லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆனவன். அதைவிட, விழுகிற பனியை ரியோஹேய் அண்ணா இந்த முறையும் பார்க்க மாட்டார், விழும்போது நகோயாவில் இருப்பார். என் பெயரைப் போட்டால் அவர் காரில் போவார், குட்டிப் பனிமனிதன் ஓடிப்போவான், மாயு முள்ளங்கித் தோட்டத்தில் நிற்பாள், வெயிலை முன்னாலேயே அனுப்பிவிட்டாள் என்று பழி மட்டும் ரயிலில் வரும் என் மேல். நாலு பேரையும் காரில் போட்டால் பெயரே வேண்டாம், கோட்டையே அழித்துவிடலாம். ஆனால் வெயில் அடித்தால் மூணு தலைகளும், அவருடையதையும் சேர்த்து, மறுபடி என் பக்கம்தான் திரும்பும்.

பின்னால் வரிசையில் ஒருத்தர் தொண்டையைச் செருமுகிறார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். நீங்களே சொல்லுங்கள், என் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தக் கோட்டின் மேல் யார் பெயரை எழுதுவீர்கள்?