மாத்திரை தொடாத மனுஷன்

துறைமுகத்துக் கிரேன்காரருக்கு மாத்திரை என்றாலே ஆகாது. காய்ச்சல் வந்தால் இழுத்துப் போர்த்திக்கொள்வாரே தவிர, ஒரு வில்லையை வாயில் போடமாட்டார். “எம் பொண்டாட்டி போடுற இஞ்சி டீதான் எனக்கு வைத்தியம்” என்று போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடிப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவள் அதைப் பொறுக்கி எடுத்து நீவி வைத்துக்கொண்டாள். அந்த மனுஷனிடம் பேசி ஜெயித்தவர் யார்? அன்றிலிருந்து இரண்டு வேளையும் மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்தாள். கசப்பை மறைக்கத்தான் இஞ்சி.

போன திங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் சிறுநீர்ச் சோதனை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்குக் கொட்டை எழுத்தில் ‘எதுவுமில்லை’ என்று எழுதினார். வியாழனன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போதைமருந்து தெரிகிறதாம். ஏதாவது மாத்திரைதான் காரணமென்றால் எழுதிக் கொடுக்கலாம், மறுசோதனை செய்வார்கள். இல்லையென்றால் ஆறு மாதம் மறுவாழ்வு மையம், தேறினால் மறுபடி கிரேன்.

“ஒரு சிகரெட்டு தொட்டதில்ல. நான் போதைக்காரனாம்” என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து மகள் போன் செய்து, “அம்மா, அப்பா நெஜமாவே...” என்று இழுத்தாள். பெற்ற பெண்ணே இப்படிக் கேட்டதை மனைவியால் தாங்க முடியவில்லை. சீட்டோடு மருந்துக்கடைக்கு ஓடி, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“இந்த மாத்திரை முதல் சோதனையில அப்படிக் காட்டுறது உண்டும்மா. பெரிய லேப்ல பாத்தா சரியாத் தெரிஞ்சிடும்” என்றார் கடைக்காரம்மா. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. “ஆனா கொதிப்புன்னு தெரிஞ்சா அவ்ளோ உயரத்துல ஏறவிட மாட்டாங்களே?” என்றும் கேட்டார் கடைக்காரம்மா.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை அவர் முன்னால் வைத்தாள். “ரெண்டு வருஷமா டீயில கலந்து குடுத்துட்டிருக்கேன். இதாலதான் அப்படிக் காட்டியிருக்கு. எழுதிக் குடுத்துடுங்க.” கடைக்காரம்மா கடைசியாகச் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஊரே சிரிச்சிருக்கும்.”

“ஊருக்குத் தெரியாதுங்க. எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

“அதான்டி வலிக்குது.”

மறுநாள் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. போதைமருந்து எதுவும் இல்லை, வருந்துகிறோம் என்றது முதல் கடிதம். அவர் அதை மகளுக்குப் போனில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். இரண்டாவதை நின்றபடியே படித்தார். ரத்தக்கொதிப்பு உள்ளவர் இனி கிரேனில் ஏறக்கூடாது, வாசலில் வண்டி நம்பர் எழுதும் வேலை.

“இதுவும் உனக்கு முன்னாடியே தெரியுமா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. அவர் இனி மேலே ஏறமாட்டார் என்பதில் அவளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிட்டது போலும்.

“தெரியும்.”

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார்.

“போதைக்காரனா இருந்திருந்தா ஆறு மாசத்துல திரும்ப ஏத்தியிருப்பாங்க” என்றார்.