இடுப்பை இறக்கு

மதுரையிலிருந்து கராத்தே பெல்ட் தேர்வுக்கு வந்த நடுவர் எங்க பன்னிரண்டு பேரையும் ஒரே பேச்சுல கழிச்சுட்டார். "எல்லாருக்கும் ஒரே தப்பு. இடுப்பு ரொம்ப இறங்கிக் கெடக்கு. யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. சொல்லிக்கொடுத்தது மொக்கம்மாள் அக்கா. போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துல காய் எடுத்துக்கிட்டே, ஞாயித்துக்கிழமை ஜீப்புல போடிக்கு இறங்கி, கராத்தே படிச்ச முதல் பொம்பளை. மதியச் சோத்து நேரத்துல எங்களுக்குப் பழக்கினாங்க. ஏலக்காய் செடியோட தூர்லதான், தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் பூராவும் இலைக்கு அடியில குத்தவச்சுத்தான் எடுக்கணும். "வம்பு பண்றவன் நீ எந்திரிக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டான். இடுப்பை இறக்கு, அங்கயிருந்தே அடி"ம்பாங்க. போன தை மாசம் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டாங்க.

"தப்புன்னா என்னையத் தள்ளிப் பாருங்க சார்"னு இடுப்பை இறக்கி நின்னேன்.

சிரிச்சுக்கிட்டே தோளைத் தள்ளினார். நான் அசையலை. ரெண்டு கையாலயும் தள்ளினார். அவர் கால்தான் பின்னால வழுக்குச்சு. பக்கத்துல நின்ன தேவியையும் தள்ளிப் பார்த்தார். அவளும் அசையலை.

அப்புறம், எங்க முன்னாடியே மெதுவாத் தன் இடுப்பை இறக்கினார்.

"இவ்வளவு போதுமா?"

"இன்னும் கொஞ்சம் சார். தலையில ஏல இலை தட்டக் கூடாது."