முகம் தெளிவாக வேண்டும்

விண்ணப்பத்துக்கான படத்தில் அந்த ஆளுக்கு ஒரு காதுதான் இருந்தது. தலையைச் சாய்த்து உட்கார்ந்தபோது எடுத்த படம். இரண்டு காதும் தெரியாவிட்டால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் அந்த ஒற்றைக் காதை வெட்டி எடுத்து, திருப்பிப் போட்டு, மறுபக்கம் ஒட்டினாள். ஒட்டின இடத்தில் தோல் நிறத்தைத் தடவிவிட்டாள்.

"சொந்தக் காது மாதிரியே இருக்கும்மா," என்றார் அவர், குனிந்து பார்த்து.

"சொந்தக் காதுதாண்ணே. அந்தப் பக்கம் இருந்ததை இந்தப் பக்கம் வச்சேன், அவ்வளவுதான்."

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டு முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுவது அபூர்வம். தெருக்கோடியில் இருந்த துணி ஆலையின் சூப்பர்வைசர் வந்தால் மட்டும் எழுவார். ஆலையில் அத்தனை பேருக்கும் அடையாள அட்டை இந்தக் கடையில்தான் அச்சாகிறது.

சூப்பர்வைசர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதுல ஒரு படம் இருக்கு. கையில கம்பியோட ஒருத்தன் நிக்கிறான் பாரு. அவன் மூஞ்சி மட்டும் பெருசா, தெளிவா வேணும்."

படம் திறந்தது. ஆலையின் பின்வாசல். மாடி அலுவலகத்துச் சன்னல் கண்ணாடி வழியாக யாரோ போனில் எடுத்தது. போன வாரம் பேக்கிங் கொட்டகையில் புகை கிளம்பியது தெருவுக்கே தெரியும். வேலை நேரத்தில் யாரும் நழுவிவிடக் கூடாதென்று அந்தப் பின்வாசலைப் பூட்டி வைத்திருந்தார்கள். எவனோ ஒருத்தன் பூட்டை உடைத்து உள்ளே இருந்த பெண்களை வெளியே விட்டான் என்று அவள் கணவனும் அன்று வீட்டில் சொன்னான். அதே ஆலையில் சாயப் பிரிவில் அவனுக்கு வேலை. சொல்லிவிட்டு, ஒருநாளும் இல்லாத திருநாளாகத் தன் சட்டையைக் கழற்றித் தானே வாளித் தண்ணீரில் அமுக்கினான்.

படத்தில் புகைக்கு நடுவே ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து பழுப்புக் கட்டங்கள். அவளுக்கு முகம் தேவைப்படவில்லை. வலது தோளை இறக்கி, இடது காலை வெளிப்பக்கம் திருப்பி நிற்கிற அந்த நிற்பைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்கிறாள். மவுஸிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"யாரு சார் இது?" முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அதைத்தானே கேக்குறோம். பூட்டை உடைச்சு சரக்கை வெளிய தள்ளியிருக்கான். ஆள் கிடைச்சதும் நேரா போலீஸ்தான். உள்ள கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டேங்குறான். எல்லாம் கல்லுளிமங்கனுங்க."

"இவ வீட்டுக்காரர்கூட உங்க கம்பெனிதான் சார்," என்றார் முதலாளி, நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்.

சூப்பர்வைசர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியா? எந்த செக்‌ஷன்?"

"சாயம் சார்."

"வீட்டுல ஏதாவது சொன்னானா? யாரு உடைச்சதுன்னு?"

"அவரு வீட்டுக்கு வந்தா சாப்பிடத்தான் சார் வாயைத் திறப்பாரு."

முதலாளி சிரித்தார். சூப்பர்வைசரும் கொஞ்சம் சிரித்தார்.

முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாள். கட்டங்கள்தான் பெரிதாயின.

"என்னம்மா இது, தரையில பதிக்கிற ஓடு மாதிரி இருக்கு?"

"இதுல இவ்வளவுதான் சார் இருக்கு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்."

சொன்னதும் அவளுக்கு மூச்சு வந்தது. முதலாளி அந்த மூச்சைக் கெடுத்தார்.

"புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கேன் சார். எத்தனை பெருசாக்கினாலும் தரம் குறையாது. கண்ணிமை முடியைக்கூட எண்ணலாம். அதுல போடும்மா."

அந்தச் சாஃப்ட்வேரை அவள் அறிவாள். இல்லாததை எல்லாம் தானாகவே இட்டு நிரப்பிவிடும். பொக்கை வாய்க் கிழவர் ஒருவருக்கு வாய் நிறையப் பல் வைத்துக் கொடுத்தது. வீட்டார் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். என்ன நிரப்பும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் முடியாது. ஆயிரம் முகத்தைப் போடுகிற சனியன், அவன் முகத்தையும் போட்டுத் தொலைத்தால்? அவள் பொத்தானை அழுத்தினாள். இரண்டு பேரும் தோளுக்குப் பின்னால் நின்றார்கள்.

படம் மேலிருந்து கீழாகத் தெளிந்து வந்தது. முதலில் நெற்றி. அகலமான நெற்றி, அவனுக்கு இருப்பது போலவே. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு புருவம். அவன் புருவத்தில் சின்ன வயதில் விழுந்த வெட்டு இருக்கும். இதில் இல்லை. கண்கள் வேறு. கன்னம் உப்பியிருந்தது. மூக்குக்குக் கீழே தடித்த மீசை ஒன்று முளைத்தது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த யாருடைய முகமும் இல்லை. அழுதுவிடலாம் போல அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சூப்பர்வைசர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அட, இது நம்ம பாய்லர்காரன் இல்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சார், இது அப்படியே அவர் முகம்தான்னு சொல்ல முடியாது..."

"ஏன்?"

இருவரும் அவளையே பார்த்தார்கள். மெஷின் தானாகப் போட்ட முகம் என்று சொன்னால், உண்மையான முகம் எங்கே என்று தேடுவார்கள். இன்னொரு சன்னல், இன்னொரு போன். அந்தத் தேடல் எந்த வீட்டில் வந்து முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் சார்."

"முன்னப்பின்ன இருந்தா என்ன, மீசை அவன் மீசைதான். ரெண்டு பிரிண்ட் போடு."

அவள் போட்டாள். ஈரம் காயும்வரை விசிறிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கணவன் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"பாய்லர்காரனை வெளிய அனுப்பிட்டாங்க. தான் இல்லைன்னு ஒரு வாரத்துல காட்டலைன்னா போலீஸுக்குக் குடுக்கப் போறாங்களாம். அவன் அன்னைக்கு வேலைக்கே வரல. எங்க எல்லாருக்கும் தெரியும்."

"படத்தை நான்தான் பெருசாக்கினேன்," என்றாள் அவள். "அதுல நிக்கிறது யாருன்னும் எனக்குத் தெரியும்."

அவன் அப்படியே சுவரில் சாய்ந்தான்.

"உள்ள இருமல் சத்தம் கேட்டுச்சு. சாவி வெச்சிருக்கிறவனைக் காணோம். என்ன பண்ணச் சொல்ற? நான் போய் ஆபீஸ்ல சொல்லிடுறேன்."

"போங்க. பூட்டை உடைச்சவன், சரக்கைத் திருடினவன்னு எழுதி உள்ள வைப்பாங்க. நானும் புள்ளையும் எங்க போய் நிக்கிறது?" என்று கேட்டாள். கேட்டவள் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

அவன் போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"அவன்தான் வரலையே. வரலைன்னு காட்டிட்டா விட்டுருவாங்க," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மறுநாள் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம் ஒருவர் கடைக்கு வந்தார். அவளுக்கு அந்த மீசையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மற்றபடி அச்சில் இருந்த முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் ஓரங்களில் அனல் காய்ந்த கருப்பு.

"அக்கா, ஒரு படத்தைப் பெருசாக்கணும்." போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "என் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயம். பின்னால சுவரோரமா நிக்கிறேன் பாருங்க, அது நான்தான். கீழ தேதி, மணி எல்லாம் இருக்கு."

முன்னால் ஒரு சிறுமி கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் பல்லிடுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. சுவரோரம் நாலைந்து பேர். அரிசிமணி அளவுக்குத் தலைகள்.

"லீவு சொல்லாம போயிட்டேன். கூட்டாளி என் அட்டையையும் சேர்த்துத் தேய்ச்சுட்டான். அதனால நான் உள்ள இருந்த மாதிரி கணக்கு. அது எங்க ரெண்டு பேர் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா பூட்டை நான் உடைக்கல. இதைக் காட்டினா, பின்னால நிக்கிறவன் யாரா வேணா இருக்கலாம், முகம் தெளிவா வேணும்ங்கிறாங்க."

"யாரு உடைச்சாங்கன்னு..." அவள் இழுத்தாள்.

"தெரியாதுக்கா. என் பொண்டாட்டி பேக்கிங்லதான் இருக்கா. அந்த வாசல் வழியாத்தான் வெளிய வந்தா. யாருன்னு அவளுக்குத் தெரியும். எங்கிட்டகூடச் சொல்லமாட்டேங்குறா." அவர் சிரிக்கப் பார்த்தார். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்வாங்கள்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கட்டங்களைத்தான் பெரிதாக்க முடிந்தது.

"அண்ணே, உங்களை இப்ப ஒரு படம் எடுத்து, அந்த முகத்தை இதுல வச்சுக் குடுத்துடட்டுமா? யாருக்கும் தெரியாது."

"வேணாம்கா. நான் அங்க நின்னது நிஜம். நிஜத்துக்கு எதுக்குப் பொய்ப் படம்? பிடிச்சாங்கன்னா அதுக்கு வேற கேஸு. அவங்க ஏதோ மெஷின்ல போட்டாங்களாமே, அதுலயே போடுங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள். உள்ளுக்குள் யார் யாரையோ கும்பிட்டாள். நெற்றி வந்தது. கண் வந்தது. இளவட்ட முகம். கோடு கிழித்தாற்போல மெல்லிய மீசை. தலைமுடியை இடது பக்கம் வகிடெடுத்துப் படிய வாரியிருந்தது.

அவர் திரையையே பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இது நானாக்கா?"

இந்த மெஷின் பொய் சொல்லும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் படமும் பொய்யாகிவிடும், இந்த மனுஷன் தப்பித்துவிடுவார். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதன் பின்னாலேயே நேற்று கணவன் வாசலில் கழற்றி வைத்த செருப்பும் நினைவுக்கு வந்தது. அவள் அச்சு மெஷினைப் போட்டாள்.

"அவங்க படமும் இந்த மெஷின்தானே?"

"ஆமாண்ணே."

"அப்ப அது நான்னா, இதுவும் நான்தானே? ஒரே மெஷின் ரெண்டு பேச்சு பேசுமா?" கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்குத் தலையை இப்படித்தான் வாரியிருந்தேனோ என்னமோ."

படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்காகச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. பக்கத்தில் கயிற்றில் கட்டின சீப்பு. அவர் அச்சான படத்தைக் கண்ணாடி ஓரத்தில் செருகினார். பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தடவினார். படத்தைப் பார்த்துப் பார்த்து இடது பக்கம் வகிடெடுத்தார். முடி படியவில்லை. மறுபடி நனைத்து அழுத்தி வாரினார்.

"கத்தரி இருக்காக்கா?"

அவள் படம் வெட்டுகிற கத்தரியைக் கொடுத்தாள். அவர் கண்ணாடிக்கு நெருக்கமாக நின்று மீசையைக் கத்தரிக்கத் தொடங்கினார். முடித்துணுக்குகள் சட்டையில் விழுந்தன. ஒரு பக்கம் முடிந்ததும் திரும்பி, படத்தைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்பப் பாருங்க," என்றார். "கொஞ்சமாவது ஒத்து வருதா?"