ரஸ்தாக்வேருக்கு ஒரு கோட்டு

1

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு சொல். ஆள் பிறகுதான் வந்தான். பாரிசில் கோப்பை கழுவிய காலத்தில், முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டையோடு போன அன்று, கிழட்டுச் சமையற்காரர் என்னை 'ரஸ்தாக்வேர்' என்றார். அப்போதே வழக்கொழிந்த சொல். நூறு வருடத்துக்கு முன், எப்படிப் பணம் வந்ததென்று தெரியாமல் மினுக்கித் திரிந்த வெளிநாட்டுக்காரர்களைப் பாரிஸ்காரர் அப்படிக் கேலி செய்தார்கள். நாடகங்களில் அவன் விரல் நிறைய மோதிரத்தோடு வருவான். கடைசி அங்கத்தில் சாயம் வெளுக்கும்.

(தோலை இழுத்துத் திரிபவன் என்ற தென்னமெரிக்க வசவிலிருந்து வந்தது என்பார்கள். இதை நீங்கள் தாண்டிப் போகலாம். வெட்ட எனக்கு மனம் வரவில்லை.)

2

1986. டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்துக் கடற்காற்றில் பேனாட் தன்னந்தனியாக—

வேண்டாம். கடற்காற்றென்றால் நீங்கள் மூடி வைத்துவிடுவீர்கள்.

மீன் தொழிற்சாலையில் வேலை செய்த மன்னார்ப் பேனாட், அறைத்தோழன் சூசைதாசனின் கோட்டை இரவல் வாங்கி, யாரோ ஒரு டேனிஷ்காரரின் காரில் சாய்ந்து படமெடுத்து ஊருக்கு அனுப்பினான். அந்த ஒரே கோட்டில் அந்த வீட்டிலேயே மூன்று பேருக்குக் கலியாணம் பேசியாயிற்று. படத்தைப் பார்த்துத்தான் அவனுக்குப் பேசிய பெண் விக்ரோரியாவின் வீட்டாரும் சம்மதித்தார்கள்.

3

ரஸ்தாக்வேர் தயார் என்று மகிழ்ந்தேன். ஆனால் இவன் பொருந்தவில்லை. மோதிரக்காரனுக்கு வெட்கம் கிடையாது. பேனாட்டுக்கோ, அவள் வரும் நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை.

"அவள் திரும்பிப் போயிடுவாள் அண்ணை."

"கோட்டைப் போட்டுக்கொண்டு வாவன்ரா," என்றான் சூசைதாசன்.

"இனிப் பொய் வேண்டாம்."

வேலைச் சட்டையோடேயே ரயிலடிக்குப் புறப்பட்டான். துணைக்குப் போன சூசைதாசன், குளிருக்குத் தன் கோட்டைத் தானே மாட்டிக்கொண்டான். (பாவி மனுசன். இதை நான் திட்டமிடவில்லை.)

4

விக்ரோரியா கையில் படத்தோடு இறங்கி, நேரே கோட்டை நோக்கி நடந்தாள். முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"கோட்டு வந்திருக்கு. ஆளை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"நான்தான் ஆள்," என்றான் பின்னால் நின்ற பேனாட். "கோட்டு என்ரை இல்லை. காரும் இல்லை."

கடைசி அங்கம். சாயத்தைத் தானே கழுவிவிட்டான்!

5

முடிவு ஒன்று: அவள் அடுத்த ரயிலில்

முடிவு இரண்டு: அவள் சிரித்து

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்னதை மட்டும் தருகிறேன்:

"எனக்குக் குளிருது. அந்த அண்ணையிட்டை கோட்டை இன்னொருக்கா இரவல் கேளுங்கோ."

கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலடி வாங்கிலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடமிருந்தது. அவள் திரும்பிப் போவதென்றால் ஏறவேண்டிய கோப்பன்ஹேகன் ரயிலும் இன்னும் புறப்படவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். பேனாட்டை மட்டும் அந்தச் சொல்லால் கூப்பிடாதீர்கள்.