நீலக் குடைக்கு ஓர் இருக்கை

எங்கள் ஊரிலிருந்து கைரவான் நகரத்துக்குப் போகும் லுவாஜ் என்ற பங்கு வாடகை வண்டிக்குக் குறித்த நேரம் கிடையாது. எட்டுப் பேர் சேர்ந்தால் கிளம்பும், ஏழு பேர் என்றால் நிற்கும். சிவப்புக் கோடு போட்ட அந்த வெள்ளை வண்டி காலை ஏழு மணிக்கும் கிளம்பியிருக்கிறது, பதினொன்றுக்கும் கிளம்பியிருக்கிறது. மாவட்டச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கும் நான் பத்தொன்பது வருடமாக அதில் போய்வருகிறேன். காத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. தவ்ஃபீக்குக்கு அப்படியில்லை.

தவ்ஃபீக்கின் சிறுநீரகங்கள் இரண்டும் போன வருடம் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கைரவானில் ஒரு மருத்துவமனையில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு அவரை இணைப்பார்கள். ஒன்பதரை மணிக்கு அவருடைய நாற்காலி, மொத்தம் நான்கு மணி நேரம். தாமதமாகப் போனால் அந்த அளவு குறையும். ஒன்றரை மணிக்கு அதே நாற்காலிக்கு இன்னொரு நோயாளி வந்து நின்றுகொண்டிருப்பார். நேரம் குறைந்த நாட்களில் தவ்ஃபீக்கின் கால்கள் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஏழரைக்குள் வண்டி கிளம்பினால் அவருக்கு நான்கு மணி நேரமும் கிடைக்கும். விஷயம் அவ்வளவுதான்.

அவருடைய மனைவி தலெந்தா, லுவாஜ் நிலையத்துக்கு எதிரே கோழிக்கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தேழு. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். "நிரல் எழுதத் தெரியாமலே பத்து நிமிடத்தில் உங்கள் இணையதளம்" என்ற விளம்பரம் ஒரு நாள் அவர் தொலைபேசியில் வந்தது. பத்து நிமிடத்துக்குப் பதில் பதினோரு நாள் ஆனது.

அந்தப் பதினோரு நாளில் நான் கோழி வாங்கப் போகும்போதெல்லாம் அவர் ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துவிட்டு, விரிசல் விழுந்த திரையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருப்பார். விரல் நுனியில் எப்போதும் ஈரம், திரை கேட்காது.

"என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கு யார் யார் கைரவான் போறாங்கன்னு முந்தின நாளே தெரிஞ்சா போதும்ல? எட்டுப் பேரும் ஏழு மணிக்கு வந்துட்டா ஏழு மணிக்கே வண்டி. அதுக்கு ஒரு பக்கம். பேரை எழுதுற மாதிரி."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல. தப்பான பொத்தானை அமுக்கினா அதுவே சொல்லுது."

அந்த விளம்பரச் சேவையில் தயாராக இருந்த மாதிரிப் பக்கங்கள் நூற்றுக்கு மேல். முடிதிருத்தகம், திருமணப் படக்காரர், பல் மருத்துவர். லுவாஜுக்கு எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து அவர் உணவகத்தைத் தேர்ந்தெடுத்தார். அதில் மட்டும்தான் மேசையை முன்பதிவு செய்யக் கட்டங்கள் இருந்தன. மேசை என்ற இடத்தில் இருக்கை என்று மாற்றினார். வலமிருந்து இடமாக ஓட வேண்டிய அரபு எழுத்துகள் இடப் பக்கமாக ஒதுங்கி, முற்றுப்புள்ளி வாக்கியத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. எழுத்தின் திசையைத் திருப்பும் சின்ன அம்புக்குறியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். பத்திரிகை அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்தும் அந்த முற்றுப்புள்ளி இன்னும் எங்கள் இணையப் பக்கத்தில் தலையில்தான் நிற்கிறது.

பன்னிரண்டாம் நாள் அவர் கியூஆர் என்ற சதுரப் புள்ளிக்கட்டம் அச்சிட்ட தாள்களை நிலையத்துச் சீட்டுச் சன்னலிலும் காபிக்கடைக் கண்ணாடியிலும் ஒட்டினார். எல்லோரும் தொலைபேசியை நீட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒரு தட்டு நிறைய இறைச்சி, பக்கத்தில் மெழுகுவர்த்தி. "உங்கள் உணவகத்தின் பெயர் இங்கே" என்று எழுதியிருந்தது.

லஸ்ஹர் விழுந்து விழுந்து சிரித்தார். நிலையத்தில் வண்டிகளின் முறையைப் பார்ப்பவர் அவர். ஆள் கூவுவதும் அவர்தான்.

"தங்கச்சி, இன்னைக்கு என்ன சமையல்? எனக்கு ஒரு தட்டு கைரவான், காரம் தூக்கலா!"

தலெந்தா முகம் சிவக்க அங்கேயே நின்று தன் தொலைபேசியைப் புரட்டினார். அவர் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து மேல் மூலையில் ஒரு பொத்தானைப் பார்த்தார். வெளியிடு. பதினோரு நாளும் அதை அவர் அழுத்தவே இல்லை. செய்ததெல்லாம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

அழுத்தினார். இறைச்சி மறைந்தது. வெள்ளை வண்டியின் படம், அதன் கீழ் எட்டுக் கட்டங்கள் வந்தன. லஸ்ஹர் சிரிப்பை நிறுத்தினார், வாயை நிறுத்தவில்லை.

"இது உருப்படாது தங்கச்சி. நான் என்னன்னு கூவுறேன்?"

"ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்னு."

"வண்டியில எத்தனை பேர் இருந்தா?"

"மூணு பேர் இருந்தாலும்."

"அதான். காலி வண்டியில எவனும் ஏறமாட்டான். ஒரே ஒரு ஆள்னா ஓடி வருவான். உன் பக்கம் உண்மையைச் சொல்லுது. உண்மையைப் பாத்துட்டு எவன் வருவான்?"

திங்கட்கிழமை முழுக்க அந்தப் பட்டியலில் ஒரே பெயர் இருந்தது: தவ்ஃபீக். புதன்கிழமையும் அதே. பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று ஒரு மூலையில் எண் காட்டியது. நூற்று நாற்பது பேர். கைரவான் போய்வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தார்கள், ஒருவரும் பெயர் எழுதவில்லை. வியாழக்கிழமை வண்டி எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. தவ்ஃபீக்குக்கு இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. நாற்காலியிலிருந்து எழுந்தபோது செவிலி சொன்னதை அவர் அப்படியே வந்து மனைவியிடம் சொன்னார்.

"சனிக்கிழமையும் லேட்டானா என்னைச் சாயங்கால முறைக்கு மாத்திடுவாங்களாம்."

சாயங்கால முறை முடியும்போது இரவு ஒன்பது. அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்கு வண்டியே கிடையாது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தலெந்தா கடையைத் திறக்காமல் நிலையத்துக்கு வந்தார். ஷெத்லியா அங்கே வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபின் வாரம் இரண்டு மூன்று முறை கைரவான் போய்வருகிறவர், எதற்கென்று யாருக்கும் தெரியாது. தலெந்தா நேராகவே கேட்டார்.

"அக்கா, என் பக்கத்தைப் பாத்தீங்கதானே? ஏன் பேர் எழுதல?"

"எழுதினா, ரொட்டிக்கடைக்காரன் பொண்டாட்டி அரை மணி நேரத்துல என் வாசல்ல நிப்பா. கைரவான்ல என்ன வேலை, டாக்டரா, வக்கீலா, மாப்பிள்ளை பாத்திருக்கியான்னு. ஊருக்கே ஒட்டி வெச்சிட்டுப் போற அளவுக்கு நான் என்ன அமைச்சரா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் காரணமும் அதுதான்.

தலெந்தா திரும்பினார். நின்றுகொண்டிருந்த வண்டிக்குள் பார்த்தார். முதலில் வந்தவர்கள் இருக்கையில் எதையாவது போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவது எங்கள் வழக்கம். அன்றைக்கு முன் இருக்கையில் ஒரு கம்பளித் தொப்பி. நடுவில் ஒரு கட்டு வோக்கோசுக் கீரை. சன்னல் ஓரத்தில் என்னுடைய செய்தித்தாள். பின்னால் ஒற்றைக் கையுறை. ஒரு பொருள் விழுந்துவிட்டால் அந்த இருக்கை முடிந்தது. சண்டைக்காரர்கள்கூட அதை நகர்த்த மாட்டார்கள், ஓட்டுநரும் கைவைக்க மாட்டார். அது யாருடையது என்றும் யாரும் கேட்பதில்லை.

அவர் அந்தத் தொப்பியை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிலையத்துச் சுவரில் சாய்ந்து தொலைபேசியைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெயர் என்ற கட்டத்தை நீக்கப் பார்த்தார், அது போகவில்லை. கட்டாயம் என்று ஒரு சிவப்பு நட்சத்திரம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நட்சத்திரத்தை எடுக்க எங்கே தட்ட வேண்டும் என்று தேடினார். அமைப்புகள், பிறகு அதற்குள் இன்னொரு பட்டியல், திரும்பி வெளியே, மறுபடி உள்ளே. இருபது நிமிடம். பெரிய அலுவலகங்களில் வேலை பார்க்கும் படித்தவர்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, கோழியின் எலும்பு எங்கே மடங்கும் என்று பார்க்கும் அதே கவனம்தான். நட்சத்திரம் போனது. பெயர் போனது. தொலைபேசி எண் போனது. மிச்சமிருந்த ஒரே கட்டத்தில் ஒரு கேள்வியை எழுதினார்:

"நாளைக்கு இருக்கையில் என்ன வைப்பீர்கள்?"

வெளியிடு பொத்தானை இரண்டு முறை அழுத்தினார், ஒரு முறை போதும் என்று தெரிந்திருந்தும். முதல் கட்டத்தில் அவரே எழுதினார்: பழுப்புப் போர்வை. இயந்திரத்தில் இருக்கும்போது தவ்ஃபீக்குக்குக் குளிரும், அந்தப் போர்வை இல்லாமல் அவர் போவதில்லை. இரண்டாவது கட்டத்தில் நான் செய்தித்தாள் என்று எழுதினேன்.

மதியம்வரை அந்த இரண்டுதான். தொழுகை முடிந்து ஆண்கள் காபிக்கடைக்கு வந்த நேரத்தில் மூன்றாவது வந்தது: நீலக் குடை. அதற்குப் பத்து நிமிடத்தில் கம்பளித் தொப்பி. பிறகு ஒரு கூடை முட்டை. அடுத்தது மாமியாரின் தலையணை, அதைப் படித்துக் காபிக்கடையே சிரித்தது. ஏழாவதாகப் பூப்போட்ட சால்வை. மாலையில் எட்டாவது கட்டம் நிறைந்தது: ஒற்றைக் கையுறை.

யார் எது என்று ஊர் முழுக்க ஊகம் ஓடியது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி சால்வையைக் கண்டுபிடிக்கக் கடை கடையாக ஏறினார், கண்டுபிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஆறே முக்காலுக்குத் தவ்ஃபீக் பழுப்புப் போர்வையை முன் இருக்கையில் வைத்தார். தலெந்தா கடையை இன்னும் திறக்கவில்லை, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு வண்டிக் கதவருகே நின்றார். நான் செய்தித்தாளை வைத்தேன். முட்டைக்கூடை ஒரு வாலிபனின் கையில் வந்தது. தலையணை உண்மையிலேயே வந்தது, அதைத் தூக்கிவந்தவர் தபால்காரர். முதுகுவலிக்காம். சால்வை ஷெத்லியாவின் தோளில் வந்தது. அவர் யாரையும் பார்க்காமல் சன்னலோரத்தில் உட்கார்ந்தார், யாரும் எதுவும் கேட்கவில்லை. தொப்பி வந்தது. கையுறை வந்தது.

ஏழு மணி பத்து நிமிடம். ஏழு பேர். நீலக் குடை வரவில்லை.

வானத்தில் ஒரு துளி மேகம்கூட இல்லை. தலெந்தா தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓட்டுநர் முன்ஜி சாவியை விரலில் சுற்றினார். ஏழு இருபது.

பட்டியலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் பையோடு வந்தார். பக்கத்து ஊர் ஆள், ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"கைரவானா? இடம் இருக்கா?"

முன்ஜி தலையை ஆட்டினார். "இல்லண்ணே. அந்த இடத்துல குடை இருக்கு."

"குடையா? காலியாத்தானே கிடக்கு?"

"போன்ல இருக்கு. வெச்சது வெச்சதுதான்."

இருக்கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் வண்டிக்குள் இருந்த ஏழு பேரும் முன்ஜி சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். இல்லாத குடையை நகர்த்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.  தன் கணவருக்காகக்கூட அந்த இடத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று தலெந்தாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால் நாளைக்கு யாரும் எதையும் எழுத மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழு இருபத்தைந்து.

லஸ்ஹர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"ஏறுங்கண்ணே" என்றார் பக்கத்து ஊர்க்காரரிடம். "குடை வராது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் முன்ஜி.

"நான்தான் எழுதினேன்."

 தலெந்தா அவரையே பார்த்தார்.

"என்ன பாக்குறே தங்கச்சி? ரெண்டே பேர் இருந்தாங்க. ரெண்டைப் பாத்தா எவன் எழுதுவான்? இருபத்தாறு வருசமா கூவுறவன் நான். வாயால செஞ்சதை விரலால செஞ்சேன், அவ்வளவுதான். குடைகூட என்கிட்ட கிடையாது."

"அப்ப முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"ஆள் வரட்டும்னு இருந்தேன். எட்டாவது ஆள் தானா வருவான், எப்பவும் வந்திருக்கான்."

பையோடு வந்தவர் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி ஏழு இருபத்தெட்டுக்குக் கிளம்பியது. பாதி வழியில் தபால்காரர் தலையணையை ஷெத்லியாவிடம் கொடுத்தார், அவர் வாங்கிக்கொண்டு தூங்கிப்போனார். மருத்துவமனை வாசலில் தவ்ஃபீக் இறங்கும்போது ஒன்பது பதினைந்து. போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படியேறுவதை நான் பார்த்தேன். அவசரம் இல்லாத நடை.

மாலையில் திரும்பியபோது அவர் செருப்பு காலிலேயே இருந்தது. கோழிக்கடை வாசலில் நின்று நான்கு விரலைக் காட்டினார். தலெந்தா தலையை மட்டும் அசைத்தார், கையில் கத்தி இருந்தது.

நான் அரைக் கோழி கேட்டு நின்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை அப்போதுதான் போட்டிருந்தார், ஆனால் முதல் கட்டம் அதற்குள் நிறைந்திருந்தது. நீலக் குடை.

"இதை அழிச்சிடுவீங்களா?" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

அமைப்புகளுக்குள் போனார். இந்த முறை தேடவில்லை, விரல் முட்டி நேராக அங்கே போனது. மொத்த இருக்கைகள் எட்டு என்று இருந்ததை ஒன்பது ஆக்கினார். பிறகு வெளியிடு பொத்தானை ஒரே முறை அழுத்தினார்.