பச்சைப் பொத்தான்

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பதினாறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, ஊழியர் மனநலம் என்று இரண்டு நாள் வகுப்பெடுத்து, ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து, இதையும் பொருத்திவிட்டுப் போனார்கள். மனசு தாங்காத அழைப்பு வந்தால் அமுக்கலாம். பத்து நிமிடத்துக்கு அடுத்த அழைப்பு வராது. ஆலோசகர் ஒருவர் போனில் வந்து பேசுவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அமுக்கியதும் சுவரில் இருக்கும் பெரிய பலகையில் அந்த ஆளின் பெயர் சிவப்பாகிவிடும். எனக்கு மனசு சரியில்லை என்று பதினைந்து பேர் பார்க்கப் பலகையில் எழுதிக்கொள்ள ஹூப்ளியில் யாருக்குத் துணிச்சல் வரும்? ஒருவரும் அமுக்கவில்லை. முழங்கைதான் அமுக்கியது, தண்ணீர் பாட்டில் அமுக்கியது. நான் ஷிப்ட் மேற்பார்வையாளர் என்பதால், பலகைக்குப் போகும் முன் அது என் திரையில் வந்து மின்னும். எந்த மேசை என்றுகூடப் பார்க்காமல், தலையைத் திருப்பாமலே ‘ரத்து’ கொடுப்பேன். மாதக் கடைசியில் எங்கள் மேலாளர் தேஷ்பாண்டே ‘பொத்தான் பயன்பாடு: பூஜ்யம்’ என்று அறிக்கை அனுப்புவார். இங்கே எல்லோரும் ஆனந்தமாக இருக்கிறோம் என்று நினைத்து தலைமை அலுவலகத்தார் ஒரு கேடயம்கூட அனுப்பினார்கள். அது தண்ணீர் வடிகட்டிக்கு மேலே இருக்கிறது.

ஏழாம் மேசை ஈரண்ணாவுடையது. அவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். எப்பேர்ப்பட்ட பதற்றத்தில் அழைப்பவனும் அவன் குரலைக் கேட்டால் அடங்கிவிடுவான். என்னை மட்டும் சீண்டுவான். “மேடம், நீங்க போன் எடுத்தா நோயாளி பயத்துலயே எழுந்து உக்காந்துடுவான். வண்டியே தேவையில்ல.” மனைவி பிரசவத்துக்குப் போய் கதக்கில் அம்மா வீட்டில் இருந்தாள். மகள் பிறந்து இரண்டு மாதம். வரும் ஞாயிறு தொட்டில் விழா.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் நவல்குந்து பக்கத்திலிருந்து ஒரு கூலிக்காரர் அழைத்தார். மனைவிக்கு டிராக்டர் டிரெய்லரிலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை அழவில்லை. எங்கள் வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. வண்டி போய்ச் சேரும்வரை லைனைத் துண்டிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. பத்தொன்பது நிமிடம் ஈரண்ணா அந்த மனிதரோடு லைனில் இருந்தான். “துணியால முதுகைத் தேய்ங்க அண்ணா. நிறுத்தாதீங்க. நான் இருக்கேன்ல, தேய்ங்க.” அவன் குரல் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் அடுத்த வார ஷிப்ட் அட்டவணையில் மூழ்கியிருந்தேன். வண்டி போய்ச் சேர்ந்தது. குழந்தை அதற்கு முன்பே போய்விட்டது.

அழைப்பு முடிந்து பத்தே விநாடியில் அடுத்தது தானாக வந்து விழும். வந்தது ஒரு குடிகாரன். ஆம்புலன்ஸில் தன்னைக் குந்தகோளில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறான்.

என் திரை மின்னியது. ரத்து கொடுத்தேன். மறுபடி மின்னியது. ரத்து. மூன்றாவது தடவை எனக்கு எரிச்சல் வந்தது. “யாருப்பா அது, முழங்கையை மடக்கி வைங்க” என்று திரும்பாமலே கத்தினேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பன்னிரண்டு பத்துக்கு எட்டாம் மேசை பாரவ்வா என்னிடம் வந்தாள். கையில் ஒரு சின்னச் சுருக்குப்பை.

“மேடம், ஈரண்ணா டீ குடிக்கப் போறேன்னு போனாரு. அரை மணிக்கு மேல ஆச்சு. போறப்ப இதை என் மேசைல வச்சு, ‘கதக்குக்கு அனுப்பிடு தங்கச்சி’ன்னாரு.”

பிரித்துப் பார்த்தேன். குழந்தைக் கொலுசு, வெள்ளியில்.

“ஞாயித்துக்கிழமை அவனேதான் போறானே?”

“அதைத்தான் நானும் கேட்டேன். சிரிச்சாரு மேடம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.”

திரை மூன்று தடவை மின்னியது ஞாபகம் வந்து பதிவைத் திறந்தேன். பச்சைப் பொத்தான், மேசை ஏழு. பதினொன்று முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்தைந்து. மூன்றுக்கும் எதிரே ‘ரத்து: சுவர்ணா’ என்று என் பெயர் இருந்தது. அவன் எதற்குப் போயிருக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தினமும் இதே அழைப்புகளை எடுப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

என் செல்போனிலிருந்து அழைத்தேன். எடுக்கவில்லை. பாரவ்வா அழைத்தாள். எடுக்கவில்லை. தேஷ்பாண்டே அறைக்கு ஓடினேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “ஷிப்ட் நடுவுல சொல்லாம போயிட்டான்னு எழுதுங்க. நாளைக்கு மேலிடத்து ஆளுங்க வராங்க. பொத்தான் விஷயத்தை இப்பக் கிளறாதீங்க மேடம்.”

“இப்பக் கிளறலைன்னா நாளைக்கு வேறொண்ணு எழுத வேண்டி வரும் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் எண்ணைப் பார்த்தால் அவன் எடுக்க மாட்டான். ஆனால் அவன் எடுக்காமல் இருக்க முடியாத எண் ஒன்று உண்டு. இந்த அறையின் எண். எங்காவது பஸ் கவிழ்ந்து ஆள் பற்றாக்குறை என்றால்தான் அதிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரும். குளித்துக்கொண்டிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். தனக்காக எடுக்காதவன் பிறத்தியாருக்காக எடுப்பான்.

ஏழாம் மேசையில் உட்கார்ந்து கணினியில் என் பெயரில் உள்ளே நுழைந்து அவனுடைய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். அழைத்தேன். மணி ஒரு தடவை அடித்தது, இரண்டு, மூன்று. நான்காவதில் எடுத்தான். காற்று இரைந்தது.

என்ன ஆச்சு என்று கேட்கத்தான் எனக்கு வாய் துடித்தது. அதை முதலில் கேட்கவே கூடாது. கேட்டால் அழத் தொடங்குவார்கள், லைன் போய்விடும், ஆள் எங்கே என்று தெரியாமலே போய்விடும். புதிதாக வருகிறவர்களிடம் நான் தொண்டை வறளச் சொல்லும் பாடம் அது.

“எங்கே இருக்கீங்க?” என்றேன்.

தினமும் இதே கேள்வியைக் கேட்டுப் பழகியவன். “உணகல் ஏரி” என்றான்.

“பக்கத்துல என்ன தெரியுது?”

“படிக்கட்டு. கடைசிப் படி.”

தாளில் எழுதி பாரவ்வாவிடம் நீட்டினேன். ‘உணகல், படிக்கட்டு. சைரன் வேண்டாம். நீயும் போ.’ வாசலில் கிடந்த செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். வெளியே நின்ற ஆம்புலன்ஸில் அவள் ஏறியதும், ஏரிக்கு ஒன்பது நிமிடம் என்று திரை காட்டியது.

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“மேல கிர்மிட் பொரி விக்கிற வண்டிக்காரர் வெங்காயம் நறுக்கிட்டிருக்காரு.” கொஞ்சம் நிறுத்தினான். “மேடம், நீங்க கேள்வியெல்லாம் வரிசைப்படி படிக்கிறீங்க. அடுத்தது, லைனைத் துண்டிக்காதீங்கன்னு சொல்லணும்.”

“துண்டிக்காத ஈரண்ணா.”

“பஸ் ஒண்ணும் கவிழலையே?”

“இல்ல.”

அவன் மூச்சு கேட்டது. வண்டி போய்ச் சேர இன்னும் ஏழு நிமிடம். அறையில் எல்லோரும் தாழ்ந்த குரலில் தங்கள் அழைப்புகளைப் பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

“மூணு தடவை அமுக்கினேன் மேடம்.”

“தெரியும்.”

“மூணு தடவையும் திரையில உங்க பேரு வந்துச்சு.”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இயந்திரக் கோளாறு என்று சொன்னால் நம்பியிருப்பான். ஆனால் படிக்கட்டில் நிற்பவனிடம் பொய் சொல்லி, அது பிடிபட்டால்? அதைவிட, எனக்கே வாய் வரவில்லை.

“நான்தான் ரத்து பண்ணேன். மூணையும்.”

“என்னைப் பாத்துட்டு, உனக்கு இது போதும், அடுத்ததை எடுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். மேடமே சொல்றாங்கன்னா நான்தான் லாயக்கில்லாதவன்னு…”

“நான் பாக்கவே இல்ல ஈரண்ணா. தலையைக்கூடத் திருப்பல. யாரோட முழங்கையோன்னு நெனச்சேன். பாத்திருந்தா எழுந்து வந்திருப்பேன். பாக்காதது என் தப்பு. உன் தப்பு ஒண்ணும் இல்ல.”

ஐந்து நிமிடம் என்றது திரை. தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“தேய்க்கச் சொல்லிட்டே இருந்தேன்” என்றான் திடீரென்று. “குழந்தை குளிர்ந்து போச்சுன்னு அவரு சொன்னாரு. அப்பவும் தேய்க்கச் சொன்னேன். பெத்தவனை, செத்துப் போனதைத் தேய்க்க வச்சேன் மேடம்.”

“அவருகூட கடைசிவரை ஒருத்தன் லைன்ல இருந்தான். அது நீ. இப்ப நான் இருக்கேன். மேல ஏறு. ஒரு படி.”

“எதுக்கு?”

“சத்தம் கேக்கல எனக்கு. தண்ணி இரைச்சல். ஒரு படி ஏறு.”

ஏறினானா என்று தெரியவில்லை. இன்னொன்று என்றேன். இன்னொன்று. என் வாழ்நாளில் யாரையும் அப்படிக் கெஞ்சியதில்லை. பிறகு தூரத்தில் கத்தி வெங்காயத்தில் விழும் சத்தம் லேசாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதேன், குரலில் தெரியாமல்.

“வண்டிக்காரர் பக்கத்துல போய் நில்லு. என்ன விலைன்னு கேளு.”

“பசிக்கல மேடம்.”

“உன்னைச் சாப்பிடவா சொன்னேன்? கேளு.”

அவன் கேட்டான். அந்த ஆள் ஏதோ சொன்னார். அதற்குள் வெறுங்கால் ஓடிவரும் சத்தம், மூச்சிரைப்பு, பாரவ்வாவின் குரல், “அண்ணா, வாங்க அண்ணா.” போன் கை மாறியது. எங்கள் விதிப்படி லைனை மூடுவதற்கு முன் வர வேண்டிய ஒரு சொல் உண்டு. அவள் சொன்னாள். “வந்துட்டோம்.”

ஹெட்செட்டில் லைன் செத்தது. திரையில் விநாடி ஓடத் தொடங்கியது. பத்து, ஒன்பது, எட்டு. அடுத்த அழைப்பு வரப்போகிறது. இந்த அறையில் எல்லோரும் தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மேற்பார்வையாளராகி ஆறு வருடமாக நான் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை.

மூன்று என்று வந்தபோது பச்சைப் பொத்தானை அமுக்கினேன். விநாடி நின்றது. ரத்து செய்ய என் நாற்காலியில் யாரும் இல்லை. பலகையில் என் பெயர் சிவப்பானது. எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தேஷ்பாண்டே வந்தார். “மேடம், உங்க முழங்கை பட்டிருக்கு.”

“முழங்கை இல்ல சார். விரல்” என்றேன். “இந்த மாசம் பயன்பாடு நாலுன்னு எழுதுங்க. மூணு ஈரண்ணாவோடது. நாலாவது என்னோடது.”

அவர் நின்றார். பதினான்காம் மேசையில் ஒரு பெண், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் பொத்தானை நன்றாகத் தெரியும்படி ஆள்காட்டி விரலால் அமுக்கினாள்.

“அஞ்சு” என்றேன்.